இரண்டாம் முறையும் பண்டோங்

ஸ்டிக்கை உருவித் துணியில் துடைத்தேன்.
சிவப்பாக வரவேண்டிய எண்ணெய்
பாசார் மாலாமில் பாக்கெட்டில் கட்டித் தரும்
பண்டோங் தண்ணி போல் வந்தது,
நுரையோடு.

கியர்பாக்ஸையே மாத்திடு என்றான் லாபிஸ் டவுன் ஆ ஹொக்.
இரண்டாயிரத்து எண்ணூறு வெள்ளி.
கால்குலேட்டரை விட்டு அவன் விரல் எழவே இல்லை.
உள்ளே தண்ணி போயிருக்கு, வெள்ளத்துல ஓட்டினியா?

ஓட்டினேன்.
ஓட்ட வைத்தவள் பூமாவதி.
ஏழாங்கட்டைப் பாலத்தில் முட்டியளவு தண்ணீர்,
திரும்பிடலாம் என்றேன்.
"இன்னைக்கு என் கூட்டு விழுது, போக்கா" என்றாள்
பின்சீட்டில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு.
காடி நீந்தியது.
பத்தாம் நாள் ரிவர்ஸ் விழவில்லை.

அவளிடம் நூற்று எண்பது வெள்ளி வாங்கினேன்.
கிளினிக் வாசலில்,
நாலு பேர் பார்க்கக் கேட்டு வாங்கினேன்.

கோயிலுக்குப் பின்னால் செம்பனை நிழலில்
முன்சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன்.
அடித்தட்டின் போல்ட்டுகளை மூலைக்கு மூலை தளர்த்த
ஒரு பக்கம் சரிந்து
பேசினும் என் முழங்கையும் இளஞ்சிவப்பு.
காந்தத்தில் ஒட்டியிருந்த இரும்புச் சேறு
வழித்த விரல் ரேகையில் தங்கிவிட்டது, மூன்று நாள்.
பழைய ஃபில்டரைக் கையில் எடுத்தால்
மழையில் கிடந்த செருப்பின் கனம்.

புது ஃபில்டர் சிகாமட்டிலிருந்து
பஸ் டிரைவர் கையில் வந்தது.
தட்டை மாட்டும்போது
அதிகம் முறுக்கினால் வளையும், விட்டால் ஒழுகும்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டினேன்.
நாலு லிட்டர் இறங்கியிருந்தது.
மிச்சம் கன்வர்ட்டர் வயிற்றில்.
ஒரே தடவையில் வெளுக்காது, தெரியும்.

இரண்டு வாரம் ஓடியது.
செவ்வாய்க்கிழமை குடை பிடித்து
கிளினிக்குக்கு நடந்துகொண்டிருந்தாள் பூமாவதி.
ஹாரன்கூட அடிக்காமல் தாண்டிப் போனேன்.

மறுபடி திறந்தேன்.
கொஞ்சமாவது சிவந்திருக்க வேண்டும்.
அதே பண்டோங்.
இந்தத் தடவை இன்னும் கெட்டியாக,
பால் தாராளமாக ஊற்றிய கடைக்காரன் கைபோல.

எந்த வெள்ளம் இது?
பாலம் காய்ந்து மூன்று வாரம்.

பேசினைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.
எறும்புகூட அதன் பக்கம் போகவில்லை.
பிறகு எழுந்து
ஆறிப்போன ரேடியேட்டர் மூடியைத் திருகினேன்.
தண்ணீர்மேல் வழவழவென்று எண்ணெய்த் தோல்.

அந்தப் பெட்டிக்குள் ஒரு மெல்லிய குழாய்.
கியர் எண்ணெய் குளிர்ந்து வர அதற்குள்தான் போகும்.
தண்ணீருக்கும் அதற்கும் நடுவில் ஒரு தகடு, அவ்வளவே.
தகடு விட்டுப்போனால்
எஞ்சின் ஓடும்போது எண்ணெய் அங்கே,
அணைத்தபின் தண்ணீர் இங்கே.

தீபாவளி முடிந்த வாரத்திலிருந்தே
ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டுதான் இருந்தது.
குழாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றி மூடினேன்.
எங்கே போகிறது என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை.
வெள்ளம் வந்தது மார்கழியில்.

பழைய ரேடியேட்டர் ஒன்று, இன்னொரு ஃபில்டர்,
மேலும் மூன்று தடவை எண்ணெய்.
ஜம்புக்காய் நிறம், பிறகு அதற்கும் கொஞ்சம் மேலே,
கடைசியில் கோயில் குங்குமத்தைக் கரைத்த மாதிரி.
நூற்று எண்பது வெள்ளி எப்போதோ கரைந்துவிட்டது.
அறுபதுதான் சேர்ந்தது.
ரசீதுகளுக்கு நடுவில், டாஷ்போர்டில்.

இன்று செவ்வாய்.
சடக்கோரமாக அதே குடை.
கண்ணாடியை இறக்கி, வெள்ளம் இல்லை, ரேடியேட்டர், என்றேன்.
நேராகப் பார்த்தபடி நடந்தாள்.
பாதிதான் இருக்கு, பாதிகூட இல்லை, என்றேன்.
குடையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

பின்னால் ஒரு செம்பனை லோரி ஹாரன் அடித்துத் தாண்டியது.
முதல் கியரில், அவள் நடை வேகத்தில்,
கிளினிக் வரைக்கும் போனேன்.
காடி ஒரு தடவைகூட உதறவில்லை.